கயிறு பிடிப்பவரின் அறம்



சென்ற மார்கழித் திங்களில், வந்தவாசிப் பகுதியில் வாழும் அன்னையார் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்தம் மகன் ஆஸ்திரேலிய நாட்டில் பணிபுரிகிறார். பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோயால் வருந்துகிறார். மருந்துகளை மாற்றி மாற்றி உண்டும் குணம் காணவில்லை. இப்பொழுது மருத்துவர், சிலோசைபின் என்னும் மருந்தைக் கொடுத்து, ஒரு பகல் முழுதும் கண்ணை மறைத்துப் படுக்கவைத்து, காதில் இசையை ஒலிக்கச் செய்து நடத்தும் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறாராம். அன்னையார் நம்மிடம் கேட்டவை இரண்டு. இம்மருந்தை உண்பது மது விலக்கு என்னும் சிராவக நெறிக்குக் குறையாகுமா என்பது ஒன்று. மற்றொன்றை அவர் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். மகன் இப்போதெல்லாம் ஆலயத்திற்கு வருவதில்லை. வழிபாட்டில் அவருக்கு நாட்டமும் இல்லை. மருந்தின் வேகத்தில் மனம் திறந்து கிடக்கும் அந்த நேரத்தில், மகனுக்குத் தெரியாமலே, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை இசையோடு சேர்த்து ஒலிக்கும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாமா? அஃது அவர் உள்ளத்தில் பதிந்துவிடும் அல்லவா?

முதற் கேள்விக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாவது கேள்வி நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. 'ஆம், செய்யலாம்' என்று எழுதவே நம் மனமும் விரும்பியது. தாய்ப்பாசம் ஒரு புறம், மந்திரத்தின் மேன்மை ஒரு புறம் நிற்கையில், குற்றம் எங்கிருந்து வரும் என்று எண்ணினோம். அந்த எண்ணம் மாறியது ஒரு கடற்கரையில்.

காயல் கடற்கரையில்

தை மாதத்தில் கழுகுமலைக்குச் சென்று, அங்கே பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கினோம். அங்கிருந்து, நெடுநாள் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுத் தூத்துக்குடி வழியாகக் காயல்பட்டினம் சென்றோம். திருச்செந்தூருக்கு வடக்கே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த பழம்பெரும் பட்டினம் அது. இசுலாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழும் ஊர். காசிம் புலவர் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடிய ஊர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறைமுகம், இதற்குச் சற்று வடக்கே தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தை ஒட்டிய பழையகாயலே என்று கால்டுவெல் ஆராய்ந்து கூறினார்.

மாலையில் மணலில் அமர்ந்திருந்தபோது பேச்சு முத்துக்குளிப்பைப் பற்றித் திரும்பியது. தூத்துக்குடிக் கரையில் 1961க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் அத்தொழிலின் முறை இன்னும் ஊரார் பேச்சில் வாழ்கிறது. குளிப்பவர் காலில் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடி முத்துப்பாருக்கு இறங்குவார். ஒரு நிமிட அளவே மூச்சு நிற்கும். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில் உள்ளது. ஆதலால் கயிறு பிடிக்க மைத்துனனையே வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. கயிற்றை விட்டால் தன் உடன்பிறந்தாளே கைம்பெண் ஆவாள் என்ற அச்சம் அவனுக்கு இருக்குமன்றோ?

கயிறு பிடிப்பவரோடு இன்னொருவரும் இருந்தார். அவர் கடல்கட்டி. குளிப்போர் நீருக்குள் இருக்கும் வரை மந்திரம் ஓதிச் சுறா மீன்களின் வாயைக் கட்டுபவர். மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். கிடைத்த முத்துகளில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு மந்திரம் ஓதுவோருக்கும் உரியதாம். அவர் கூறும் மற்றொரு செய்தி சிந்திக்கத்தக்கது. மந்திரக்கட்டு அந்த ஒரு பகலுக்கு மட்டுமே. இரவு வந்ததும் ஓதியவரே அதனை அவிழ்த்துவிடுவார்; மீன்கள் தம் விருப்பம்போல் திரியும்.

இலங்கையில் ஆங்கில ஆட்சி அலுவலராக இருந்த எமர்சன் டென்னண்ட் 1859இல் வெளியிட்ட நூலில், மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பில் கடல்கட்டி இல்லாமல் தொழிலே தொடங்காது என்று எழுதுகிறார். அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். ஓதுபவரின் சமயத்தைக் குளிப்போர் பொருட்படுத்தவில்லை. டென்னண்ட் சென்ற அன்று கடல்கட்டி நோயுற்றிருந்தார். தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். அவரோ, மந்திரம் தமக்குத் தெரியாது, ஆனால் தலைவரின் ஆளாகத் தாம் நிற்பதே போதும், சுறாக்கள் மதித்து நடக்கும் என்றாராம்.

சுறா அந்த ஓசையைக் கேட்டதோ இல்லையோ, குளிப்பவர் கேட்டார். மேலே ஒருவர் நமக்காக ஓதிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அவர் அச்சத்தைக் கட்டியது. அச்சம் அடங்கினால் மூச்சு நீளும். மூச்சு நீண்டால் கை நடுங்காது.

முத்தெடுத்தல் எண்ணற்ற ஈரறிவு உயிர்களைக் கொன்று செய்யும் தொழில் என்பதை நாம் மறந்துவிடவில்லை. நாம் இங்கே கொள்வது உவமையை மட்டுமே.

மருந்தும் இசையும்

அன்னையாரின் மகனுக்குக் கொடுக்கப்படுவதும் ஆழத்தில் இறங்கும் மருந்தே. எல்.எஸ்.டி. என்பதைச் சுவிட்சர்லாந்து வேதியியலார் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் உருவாக்கினார்; அதன் விளைவை 1943இல் தம் உடலிலேயே அறிந்தார். மெக்சிக்கோ நாட்டுக் காளான் ஒன்றிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்தவரும் அவரே. மனத்தை வெளிப்படுத்திக் காட்டுவது என்னும் பொருளில், கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'சைக்கடெலிக்' என்ற பெயரை 1950களில் ஆஸ்மண்ட் என்னும் மருத்துவர் இவ்வகை மருந்துகளுக்குச் சூட்டினார்.

அந்தக் காளானை மெக்சிக்கோ மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். மரியா சபினா என்ற மூதாட்டி, நோயாளியை அருகிருத்தி, இரவு முழுதும் பாடியபடியே அதனைக் கையாண்டார். 1955இல் அமெரிக்கர் வாசன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் அதனை உலகறியச் செய்தார். பின்னர் வேடிக்கைக்கும் போதைக்கும் வந்த வெளியூரார் அவ்வூரை மொய்த்தனர். மூதாட்டியின் வீடு எரிக்கப்பட்டது. நோய் தீர்க்கப் பாடிய பாட்டு, நோயற்றவர்க்குக் களியாட்டம் ஆனபோது நேர்ந்த தீமை இது.

மருத்துவமனையில் இசையின் இடத்தை முறைப்படி ஆராய்ந்தவர் ஹெலன் பானி என்னும் அம்மையார். வயலின் பயின்றவர், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மனநல ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். மருத்துவர் வால்டர் பாங்கியோடு இணைந்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மருந்தின் போக்கை ஆறு கட்டங்களாகப் பகுத்து, தொடக்கத்துக்கு ஒருவகை, ஏற்றத்துக்கு ஒருவகை, உச்சத்துக்கு ஒருவகை, மீண்டு வருதற்கு ஒருவகை என்று இசையை அமைத்தார். அமெரிக்காவில் இம்மருந்துகள் தடை செய்யப்பட்ட பின், மருந்தே இல்லாமல், உடலைத் தளர்த்திக் கண்ணை மூடி இசையைக் கேட்கச் செய்யும் சிகிச்சை முறையை வளர்த்தார். மருந்து போன பின்னும் இசை நின்றது என்பது நாம் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

ஆய்வுகள் இந்த நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றன. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 51 பேரிடமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 29 பேரிடமும் நடத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். இவர்கள் புற்றுநோயால் அச்சமும் சோர்வும் உற்றவர்கள். இலண்டனில் மெண்டல் கேலன் குழுவினர் மனச்சோர்வுற்ற 19 பேரை ஆராய்ந்து 2018இல் ஓர் உண்மையைக் கூறினர். ஒரு வாரம் கழித்துக் காணும் குணத்தை முன்கூட்டிக் காட்டியது மருந்தின் வேகம் அன்று. இசை அவரவர் உள்ளத்தோடு எவ்வளவு இசைந்தது என்பதே. இசைந்தவர்க்கு இசை துணையாயிற்று. இசையாதவர்க்கு அதுவே இடையூறும் ஆயிற்று. அதனால் இசையை 'மறைந்து நிற்கும் மருத்துவர்' என்று அழைத்தனர். எந்த இசை சிறந்தது என்பதற்கும் முடிந்த முடிபு இல்லை. புகைப்பழக்கம் விட முயன்ற 10 பேரிடம், மேலைச் செவ்வியல் இசையையும், மணிக்கிண்ணம், சேகண்டி போன்ற கருவிகளின் இசையையும் ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், மேலை இசையே உயர்ந்தது என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், தனி இசைவு பெற்ற மனநல மருத்துவர்கள், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சிலோசைபின் கொடுக்கலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி இது தடை செய்யப்பட்ட பொருள். கொடைக்கானலில் காளான் தேடிச் செல்லும் இளைஞர்கள், சட்டத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழப்பர் என்பதை இங்கேயே கூறிவிடுகிறோம்.

முதற் கேள்வி

மதுவை நம் ஆசிரியர்கள் விலக்கியது இரு காரணம் பற்றி. புளிப்பில் தோன்றும் எண்ணற்ற சிற்றுயிர்கள் அழிகின்றன என்பது ஒன்று. உண்டவர் விழிப்பிழந்து, பிறவுயிர்க்குத் தீங்கு செய்கிறார் என்பது மற்றொன்று. இன்பம் நாடி உண்பதும் அடிமையாவதும் அதனோடு சேர்ந்தவை. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து ஏற்பவரை நாம் நெறி தவறியவர் என்று கூறுவதில்லை. காளான் நமக்கு விலக்கு. ஆனால் இக்காலச் சிகிச்சையில் பெரும்பாலும் தருவது ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்து. கடும் நோய்க்காக, சட்டம் இசைந்த இடத்தில், மருத்துவர் கண்காணிப்பில் ஓரிரு முறை உண்பதை மது என்று நாம் கொள்ளவில்லை. ஆனால் இதனால் மெய்யறிவு கிட்டும் என்று எவரேனும் கூறினால், அதனை ஏற்கமாட்டோம். ஒரு பகலில் காணும் காட்சி நற்காட்சி ஆகாது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் சேர்ந்த வழியை விழித்திருந்தே நடக்கவேண்டும்.

இரண்டாம் கேள்வி

ஐம்பொறிகளுள் செவி ஒரு வாயில். கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு மூடி இல்லை. யாழிசையில் மயங்கி நிற்கும் அசுணம் என்னும் உயிரைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். இனிய இசையால் அதனை வரவழைத்து, பின் பறையை முழக்கிக் கொன்றுவிடுவராம். இசைக்குத் தன்னை முழுதும் திறந்த உயிர், அடுத்து வரும் ஒலியை மறுக்க இயலாது. இம்மருந்துண்டவர் நிலையும் அத்தகையதே. எல்.எஸ்.டி. உண்டவர் பிறர் சொல்லுக்கு எளிதில் வயப்படுகின்றனர் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. ஆதலால்தான் இச்சிகிச்சைக்கு இசை தெரிவு செய்வோர், நோயாளிக்குப் பொருள் விளங்கும் மொழியிலான பாட்டைப் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். சொல் ஒரு திசையில் இழுத்துச் செல்லும். சொல்லற்ற இசை அவரவர் வழியில் விடும்.

சமவசரணத்தில் எழும் திவ்யத்வனியைப் பற்றி நம் ஆகமம் கூறுவதும் நினைவுக்கு வருகிறது. ஒலி ஒன்றே; தேவரும் மக்களும் விலங்கும் அதனைத் தத்தம் மொழியில் உணர்கின்றனர். அது யார் உள்ளத்தையும் வலிந்து பற்றுவதில்லை.

வாழ்வின் விளிம்பில் நிற்பவர் செவியில் எதனை இடவேண்டும் என்று ஆழ்ந்து சிந்தித்தவர்கள் நம் முன்னோர். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு ஏற்று உயிர்நீத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. அத்தகைய சல்லேகனை ஏற்றவரின் அருகிருந்து துணை செய்வோர்க்கு நிர்யாபகர் என்று பெயர். அவரே அங்கே கயிறு பிடிப்பவர். வாழ விரும்புதல், விரைந்து சாக விரும்புதல், நண்பரை நினைத்து உருகுதல், பழைய இன்பத்தை எண்ணுதல், மறுமைப் பயனை வேண்டுதல் என்னும் ஐந்தையும் தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனையின் குற்றங்களாகக் கூறுகிறது. ஆகவே நிர்யாபகர் எதனைச் சொல்லலாம் என்பதோடு எதனைச் சொல்லலாகாது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோன்பை ஏற்றவர் தெளிந்த அறிவோடு தாமே விரும்பி ஏற்றவர். மந்திரத்தைக் கேட்க விரும்பியவரும் அவரே.

இங்கே அன்பர்கள் ஒரு தடையை எழுப்பலாம். சீவக சிந்தாமணியில், அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. சீவகன் அந்த நாயிடம் இசைவு கேட்டானா? நாமும் இத்தடையை எண்ணிப் பார்த்தோம். அந்நாய்க்கு அடுத்த நாழிகை இல்லை. அதனிடம் கேட்டறிய வழியும் இல்லை. சீவகன் மறைவாகச் செய்யவில்லை. அதனிடமிருந்து எதையும் வேண்டவும் இல்லை. இந்த மகனோ இன்று தொலைபேசியில் பேசக் கூடியவர். 'வேண்டும்' என்றும் 'வேண்டாம்' என்றும் சொல்லக் கூடியவர். கேட்க முடிந்தவரைக் கேளாமல் விடுவதற்குச் சீவகன் செயல் சான்றாகாது.

கள்ளாமையின் இலக்கணம் யாது? கொடாததைக் கொள்ளாமை. பொன்னும் பொருளும் மட்டுமா பிறர் உடைமை? ஒருவர் செவியும் உள்ளமும் அவருடையவை அல்லவா? அவர் கொடாதபோது அவற்றை நாம் எடுத்துக்கொண்டால், எடுத்த கை தாயின் கையே ஆயினும், இட்ட பொருள் மந்திரமே ஆயினும், அது களவே. மறைத்துச் செய்வதால் வாய்மையும் கெடும். அச்சமும் நடுக்கமும் வரக் கூடிய அந்த நேரத்தில், தாம் விலகி வந்த ஓசை திடீரென எழுந்தால் மகன் மருளவும் கூடும். அப்போது கொல்லாமையும் குறைபடும். எந்த மந்திரம் எல்லா உயிர்க்கும் அச்சம் நீக்குவது என்று நாம் போற்றுகிறோமோ, அதனையே அச்சத்தின் கருவி ஆக்கலாமா?

ஆழத்தில் இறங்குவோர்க்குக் கயிறு பிடிக்கும் எவர்க்கும், அவர் மருத்துவராயினும் தாயாயினும், மூன்று கடமைகள் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. இறங்குமுன், தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே அவரைக் கேட்டு இசையைத் தெரிவு செய்யவேண்டும். இறங்கியிருக்கும்போது, தம் கொள்கையையோ விருப்பத்தையோ அவர் உள்ளத்தில் நடக் கூடாது. ஏறி வந்தபின், கட்டியதை அவிழ்த்துவிடவேண்டும்; கடல்கட்டி மாலையில் மந்திரத்தை அவிழ்த்ததுபோல, நம் பிடியிலிருந்து அவரை விடுவிக்கவேண்டும். இந்த மூன்றையும் நாம் மருந்துக்கு மட்டும் உரியனவாகக் கருதவில்லை. துயருற்றவர், முதியோர், சிறுவர், மரணப் படுக்கையில் கிடப்பவர் என்று செவியை மூட இயலாத நிலையில் இருக்கும் அனைவர்க்கும் இவை பொருந்தும். நம் வீடுகளில் நோயாளியின் தலைமாட்டில் ஒலிநாடாவைச் சுழலவிட்டு நாம் அடுக்களைக்குப் போய்விடுகிறோமே, அவரை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

இவ்வாறு அன்னையாருக்கு எழுதினோம். வருந்துவாரோ என்று அஞ்சினோம்.

பங்குனியில் மறுமொழி வந்தது. மகனிடம் மறைக்காமல் கேட்டுவிட்டாராம். மகன் சற்று நேரம் பேசவில்லையாம். பின்னர், அந்த நாளில் மந்திரம் வேண்டாம் என்றும், ஆனால் தாம் சிறுவனாக இருந்தபோது அம்மா கோலமிட்டுக்கொண்டே முணுமுணுக்கும் இராகத்தைச் சொல் இல்லாமல் பாடி அனுப்பும்படியும் கேட்டாராம். மருத்துவரும் இசைந்து, மருந்து தணிந்து மீண்டு வரும் நேரத்திற்கு அதனை வைத்தாராம். சிகிச்சை முடிந்த அன்று மகன் தொலைபேசியில் கேட்ட முதற் சொல், 'அம்மா, அங்கே பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டீர்களா?' என்பது. அன்னையார் இதனை எழுதி, அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

நோய் எவ்வளவு தீர்ந்தது என்பதை மருத்துவர் அளந்து கூறட்டும். நாம் அதனைக் கூறத் தகுதியுடையோம் அல்லோம். அந்தத் தாய் தம் ஆசையைக் கைவிட்டு மகனைக் கேட்டார் என்பது மட்டும் நமக்குத் தெரியும். கயிறு அவர் கையில் நன்றாகவே இருந்தது.

அறம் வளர்க.